‘கணீர்’ சீட்டின் மூன்றாவது பெயர்

சென்ற புதன்கிழமை காலை கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் சபை மணி ஒருமுறை ஒலித்து ஓய்ந்தது. ஆராதனைக்கான மணி என்றால் விடாமல் அடிப்பார்கள். இது அப்படியல்ல. ஓசை முழுவதும் அடங்கிய பிறகு இன்னோர் அடி விழுந்தது. இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி அடிப்பது எங்கள் சபை வழக்கம். வாளியைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஐம்பதைத் தாண்டியபோது என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். அறுபத்தொன்றில் மணி நின்றது. “ஞானாபரணம் அண்ணந்தான்” என்றாள். நான்கு மாதமாக நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தவர். எதிர்பார்த்த செய்திதான் என்றாலும் வாயிலிருந்த நீரைத் துப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

துக்கம் சொல்ல ஆள் வருவதற்குள் மணி சொல்லிவிட்டது. அந்த மணியை ஒருகாலத்தில் நாதமில்லாதது என்று தள்ளியவர் அவர். தள்ளியது தவறு என்று சபையார் முன்னிலையில் எழுந்து நின்று சொன்னவரும் அவரே. அதனால் அவருடைய வேலை போயிற்று. இந்தக் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மறுபாதி என்னிடம் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதே அதை நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாகர்கோவிலில் ஓர் அச்சுக்கூடத்தில் நாங்கள் இருவரும் பதினான்கு ஆண்டுகள் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். மூலப்பிரதியை நான் உரக்க வாசிப்பேன். கால்புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வேன். அவர் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் புரூப்பை ஓட்டி, பிழை வந்த இடத்தில் பேனாவால் குத்துவார். வாசிப்பவனும் கேட்பவரும் ஓர் ஏரில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று நொண்டினால் உழவு நடக்காது. என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்றாலும் மரியாதை எதிர்பார்க்க மாட்டார். கேலி மட்டும் தாராளமாகச் செய்வார். நான் கொட்டாவி விட்டுக்கொண்டே வாசித்தால், “சாமுவேலு, கொட்டாவிக்கு எந்தப் புள்ளி போடணும், சொல்லும்வே” என்பார்.

புரூப் வேலை வயிற்றுக்கு. அவருடைய உண்மையான வேலை சொல் சேர்ப்பது. நாஞ்சில் நாட்டார் வாயில் வழங்கும் சொற்களையெல்லாம் ஒரு புத்தகமாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அச்சுக்கூடத்தில் வெட்டித் தள்ளும் காகித ஓரங்களைச் சீட்டாக நறுக்கி, சொல்லுக்கு ஒரு சீட்டு வைத்திருந்தார். ஒரு பொருளை எழுதினால் அதற்குக் கீழே, அந்தப் பொருளில் அந்தச் சொல்லைத் தம் காதுபடச் சொன்ன மூன்று பேருடைய பெயர்கள் இருந்தாக வேண்டும். மூவரும் ஒரே தொழில் செய்பவர்களாக இருக்கக் கூடாது. ‘மூணு வாய்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஒருவரிடம் கேட்கலாம் என்று தோன்றினால் அவர் பெயரைப் பென்சிலில் எழுதி, பக்கத்தில் ‘கேட்க வேண்டும்’ என்று குறித்து வைப்பார். கேட்ட பிறகு பென்சில் எழுத்தின்மேல் மை போடுவார். கேட்ட காதுக்கு உரியவர்தான் மை போடலாம். நான் கேட்டு வந்து சொன்னதற்கு அவர் மை போட்டதில்லை. அவர் கேட்டதற்கு என்னைப் போடவிட்டதும் இல்லை.

‘கணீர்’ என்ற சீட்டு அவரிடம் எத்தனையோ வருஷம் முடியாமல் கிடந்தது. மணியோசைக்கு ஒரு குறிப்புச் சொல், இதில் என்ன இருக்கிறது, எழுதி மூடும் என்று நான் சொன்னேன். கையிலிருந்த எழுதுகோலால் மேசைமேல் இருந்த வெண்கலச் செம்பை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அதைத் தரையில் தவறவிட்டார். இரண்டும் ஒன்றா என்று கேட்டார். முதலாவது ‘கிண்’, இரண்டாவது ‘ணங்’, அப்படியானால் ‘கணீர்’ எங்கே என்றார். செம்பு உருண்டுபோய் எழுத்துக்கோப்பவர் காலில் முட்டி நின்றது. அன்று மாலையே என்னை இழுத்துக்கொண்டு கோட்டாற்றுக்குப் போனார்.

அங்கே ஆறுமுகப்பெருமாளின் பட்டறை இருந்தது. வெண்கலம் உருக்கி உருளி, கிண்டி, கோயில் மணி எல்லாம் வார்க்கும் மூசாரிக் குடும்பம். அவர் மூன்று தலைமுறை மூசாரி, குறைந்த பேச்சுக்காரர். ஞானாபரணம் கேட்ட கேள்விக்கு, கூரையிலிருந்து தொங்கிய ஒரு சிறு மணியை விரலால் சுண்டிவிட்டு, அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்.

“அடிச்சதோட நிக்கது ணங்கு. அடிச்ச பொறவும் நிக்காதது கணீரு. அவ்வளவுதான் ஐயா.”

ஞானாபரணம் அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்து, முழங்கால்மேல் சீட்டை வைத்து ஆறுமுகப்பெருமாள் பெயரை மையால் எழுதினார். அதன் பிறகு மயிலாடிக்குப் போனோம். கல்தச்சர் ஒருவர் பாறையை உளியால் தட்டிக் காட்டி, கணீரென்று பேசுகிற கல்தான் சிலைக்கு ஆகும், பேசாத கல்லைப் படிக்கட்டுக்குத் தள்ளிவிடுவோம் என்றார். மூன்றாவது பெயர், எங்கள் சபையில் அப்போது மணியடித்துக்கொண்டிருந்த கிழவருடையது. முதல் பொருள் அத்துடன் முடிந்தது. இரண்டாவது பொருள் குரலைப் பற்றியது. அதற்கு முதல் வாயாக வாய்த்தவள் மணக்குடியிலிருந்து மீன் கொண்டுவருகிற ஒரு பெண். கூடையை இறக்காமலே, “எனக்க நாத்தனாருக்க குரலு கணீர்னு இருக்கும், ஏசினாண்ணா மூணு தெருவுக்குக் கேக்கும்” என்றாள். நாத்தனார் என்ன சொல்லி ஏசுவாள் என்று ஞானாபரணம் கேட்டு, அதையும் இரண்டு சீட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த நாட்களில் அவரைப்போல் காது படைத்தவர் இந்தப் பக்கத்தில் இல்லை. பெண் வீட்டுக்குச் சீராகப் போகிற பாத்திரங்களைத் தட்டிப் பார்க்க அவரைக் கூப்பிடுவார்கள். மயிர்க்கீறல் இருந்தால்கூடத் தட்டியதும் சொல்லிவிடுவார். சபையில் சுருதி இறங்கிப் பாடினால் திரும்பிப் பார்க்காமலே, எத்தனையாவது வரிசையில் யார் என்பது அவருக்குத் தெரியும். நான் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன்.

பிறகு சில மாற்றங்கள் வந்தன. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர், வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் வாசிக்கும்போது என் வாயைப் பார்த்தார். கோட்டாற்றுத் தெருவில் ஒருநாள் பின்னாலிருந்து சைக்கிள்காரன் ஒருவன் மணியை அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவர் முழங்கையில் இடித்துவிட்டுப் போனான். மணியடிக்காமல் வருகிறான் பார், மடையன் என்றார் அவர். அவன் அடித்தான் என்று நான் சொல்லவில்லை. வயதாகிறது, கவனம் குறைகிறது என்று நினைத்துக்கொண்டேன். கவனிக்காமல் இருப்பதுதான் எனக்கும் வசதியாக இருந்தது.

சபையின் பழைய மணியில் கீறல் விழுந்தது அந்தச் சமயத்தில்தான். புது மணி வார்க்க ஆறுமுகப்பெருமாளிடம் சொல்லப்பட்டது. அவர் வாழ்நாளில் வார்த்த மிகப் பெரிய மணி அது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புது மணியைத் தூணில் ஏற்றும் முன் முற்றத்துப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். சபைப் போதகரான ஐயரும் மூப்பர்களும் சூழ நிற்க, நாதமறிந்த ஒருவர் மூன்று தடவை அடித்துப் பார்த்து, ‘நாதம் உண்டு’ என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஜெபம். இந்தத் தடவை அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அதற்கு நான்கு நாள் முன்பு அவருக்கும் எனக்கும் மனக்கசப்பு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மனைவியின் ஊருக்குப் போன நான், பாடுபட்டு நாற்பது சொற்களுக்குச் சீட்டு எழுதிக் கொண்டுவந்திருந்தேன். எல்லாம் என் மாமனார் ஒருவரிடம் கேட்டவை. ஞானாபரணம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எல்லார் எதிரிலும், “நாப்பது சொல்லு, ஒத்த வாயி. உம்ம மாமனாரையே அச்சுல ஏத்திரலாம்வே” என்றார். எழுத்துக்கோப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான்கு நாளும் வேலை தவிர வேறு பேச்சு அவரோடு பேசவில்லை. அந்த முகத்தோடுதான் புளியமரத்தடிக்கும் போயிருந்தேன்.

ஞானாபரணம் சுத்தியலை வாங்கி அடித்தார். அந்த ஓசையை நான் இப்போதும் சொல்ல முடியும். அடித்ததும் புளியமரத்துக் காக்கைகள் எழும்பின. ஓசை முற்றத்தை விட்டு இறங்கி வயலுக்குப் போய், அங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். மணியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவை அடித்துவிட்டும் பார்த்தார். என் மூஞ்சி கடுக்காய் தின்றவன் மூஞ்சி. சமாதானத்துக்குத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கினேன். மூன்றாவது அடிக்குப் பிறகு சுத்தியலை ஆறுமுகப்பெருமாளிடம் திருப்பிக் கொடுத்து, இதில் நாதம் இல்லை என்று மெதுவாகச் சொன்னார்.

ஒரு மூப்பர், தமக்கும் ஏதோ குறைந்தாற்போலத்தான் பட்டது என்றார். இன்னொருவர், இரண்டாவது அடியிலேயே தமக்குத் தெரிந்துவிட்டது என்றார். அதுவரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காதுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளாமற் போயின. நான் ஒருவன் வாய் திறந்திருந்தால் போதும். அவருக்கு அடுத்தபடி எனக்குத்தான் அங்கே மதிப்பு. ‘பெரிய காது என்று பீற்றிக்கொண்டாரே, இன்று சறுக்கட்டும், பிறகு நான் சொல்கிறேன்’ என்று ஓர் அற்ப நினைப்பு எனக்குள் ஓடியது. பிறகு என்பது வரவே இல்லை. ஆறுமுகப்பெருமாள் மணியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். “ஐயா சொன்னா சரிதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த மாட்டுவண்டியிலேயே அதைத் திருப்பிக் கொண்டுபோனார்.

அன்று வீடு திரும்பும் வழியில், வாய்க்கால் பாலத்துக்குமேல் ஞானாபரணம் நின்றார். நான்கு நாள் பிணக்கை அவரே உடைத்துக் கேட்டார்.

“சாமுவேலு, உமக்கு எப்பிடிக் கேட்டுது? மறைக்காமச் சொல்லும்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வண்டி கோட்டாற்றை எட்டியிருக்காது. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்போது ஏன் பேசவில்லை என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது? “எனக்கும் சரியாப் பிடி கிடைக்கல” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். இதுதான் உங்களுக்குத் தெரியாத பாதி.

கோட்டாற்றில் செய்தி வண்டிக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்டது. ஞானாபரணமே தள்ளிய மணி என்றால் யார் வாங்குவார்கள்? மணி போகட்டும், அந்தப் பட்டறையின் கும்பாவையும் கிண்டியையும்கூட மக்கள் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கோயிலுக்குச் செய்துகொண்டிருந்த விளக்கு வேலையும் வேறு பட்டறைக்குப் போயிற்று. ஆறுமுகப்பெருமாள் யாரிடமும் வந்து கேட்கவில்லை. அந்த மணியைப் பட்டறை முகப்பில் தொங்கவிட்டுவிட்டு, வருகிறவர்கள் தாங்களே அடித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை ஞானாபரணம் வேலைக்கு வந்து, பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். முந்தின சனிக்கிழமை கோட்டாற்றுக்குப் போயிருக்கிறார். பட்டறைக்கு எதிர்ப்புறத்தில் நின்றிருந்தபோது யாரோ ஒருவர் அந்த மணியை ஓங்கி அடித்திருக்கிறார். தலையணையில் அடித்ததுபோல ஒரு சத்தந்தான் அவருக்குக் கேட்டது. ஆனால் கண் பார்த்தது வேறு. தூரத்தில் போய்க்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். வண்டிமாடு காதை விறைத்தது. தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார்.

“தெருவே திரும்பிப் பாத்துதுவே. பக்கத்தில நிண்ண நான் மட்டும் திரும்பல.”

இரண்டு வருஷமாகவே உயர்ந்த ஓசைகள் தமக்குத் தேய்ந்து வருகின்றன என்பதை அப்போதுதான் என்னிடம் சொன்னார். மனைவி அன்னம்மாள் அக்காவுக்குக்கூடத் தெரியாதாம். புளியமரத்தடியில் சந்தேகம் வந்ததால்தான் என் முகத்தைப் பார்த்தாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சொல்லப் போவதாகச் சொன்னார். நான் பதறிவிட்டேன். காது கேட்காது என்று தெரிந்தால் இந்த மேசையில் அவருக்கு இடமில்லை. ஆறுமுகப்பெருமாளைத் தனியாகப் பார்த்துச் சொன்னால் போதும், ஐயர் வேறொருவரைக் கொண்டு சோதித்து மணியை வாங்கிக்கொள்ளட்டும் என்று வாதாடினேன். அவர் வேலையைப் பற்றிய கவலைதான் அது. ஆனால் அதற்கு அடியில் என் பொய் வெளியே வந்துவிடுமே என்ற பயமும் கிடந்தது.

“அவருக்க பேரு தெருவில போச்சு. எனக்க தப்பு மட்டும் வீட்டுக்குள்ள இருக்கணுமா?” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். ஆராதனை முடிந்து ஆசீர்வாதத்துக்கு முன் அவர் எழுந்தார். ஆறுமுகப்பெருமாளை முன்கூட்டியே அழைத்து வந்து முகப்பில் நிற்க வைத்திருந்தார்.

“எனக்குக் காது மந்தம். வெங்கலச் சத்தம் எனக்குக் கேக்காது. அண்ணைக்கும் கேக்கல. கேக்காததைக் கேட்டவன் மாதிரி நிண்ணு, நல்ல மணியைக் கெட்டதுன்னு சொன்னேன். பழுது மணியில இல்ல, எனக்க காதில. அவரு எனக்கு மன்னிப்புத் தரணும்.”

என் முகத்தைப் பார்த்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாலத்தில் என்னிடம் கேட்டதைப் பற்றியும் இல்லை. நான் நாலாவது வரிசையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது ஒரு விதவை அம்மாள், “மனுசன் கணீர்னு சொல்லிட்டாரே” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். ஞானாபரணத்துக்கு அது எட்டியிருக்காது. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ, அவளருகே போய் என்ன சொன்னாய் என்று கேட்டு, மறுபடி சொல்லவைத்தார். அந்த நேரத்திலும் அவர் சட்டைப்பையில் சீட்டு இருந்தது. மறுவாரம் மணியைத் தூணில் ஏற்றியபோது, ஆறுமுகப்பெருமாளும் அவர் ஒப்புக்கொண்டதைப் பற்றி அதே சொல்லைச் சொன்னாராம். மறைக்காமல், மழுப்பாமல் சொல்வது என்று ‘கணீர்’ சீட்டில் மூன்றாவது பொருள் ஒன்றைச் சேர்த்திருப்பதாகவும், இரண்டு வாய் கிடைத்தாயிற்று என்றும் என்னிடம் சொன்னார். மூன்றாவது யார் என்று கேட்டேன். வரும் என்றார்.

அச்சுக்கூடத்தில் அவரைக் கௌரவமாகவே அனுப்பி வைத்தார்கள். மேசையில் எனக்கு எதிரே வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அன்னம்மாள் அக்கா லேஸ் பின்னி வீட்டை ஓட்டினார்கள். ஒருநாள் நான் போயிருந்தபோது, ஜன்னலருகே கண்ணை இடுக்கிக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தவர், “தப்புன்னு ஒத்துக்கிட்டதுக்கு எனக்கு வருத்தமில்ல தம்பி. வேற யாருக்குமே அண்ணைக்குக் காது இல்லாமப் போச்சே, அதுதான்” என்றார்கள். நான் காப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்துவிட்டேன்.

வருஷம் செல்லச் செல்ல அவருக்குப் பேச்சும் கேளாமற் போயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் மணிக்கே வந்துவிடுவார். மணி தொங்குகிற கல்தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். அடி விழுந்ததும் முகம் மலரும். கையை எடுக்க மாட்டார். நாங்களெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்து வெகுநேரம் ஆன பிறகுதான், “இப்பத்தான் நிண்ணுது” என்று சொல்லிக்கொண்டே வந்து உட்காருவார். அந்தச் சமயங்களில் அவருக்குப் பக்கத்தில் நிற்பதற்கு நான் துணிந்ததில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம். சிலேட்டில் எழுதித்தான் பேச வேண்டும். ஊர் விஷயம், அச்சுக்கூட விஷயம் எல்லாம் எழுதிக் காட்டினேன். பிறகு துணிந்து, ‘அன்று மணி எனக்கு நன்றாக’ என்றுவரை எழுதினேன். அன்னம்மாள் அக்கா கஞ்சியோடு உள்ளே வந்தார்கள். வேட்டி முனையால் துடைத்துவிட்டேன். அவர் சிலேட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “புரூப்புக்கு வாறதுக்கு முன்னாடியே திருத்தியாச்சாவே?” என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறிற்று. முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு ஆறுமுகப்பெருமாள் வந்திருந்தார். தலை முழுதும் நரைத்துவிட்டது. குழியருகே வரவில்லை, மணித்தூணருகே நின்றார். மூன்றாம் நாள் அன்னம்மாள் அக்கா ஒரு தகரப்பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். சீட்டெல்லாம் எனக்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தாராம். வீட்டுக்கு வந்து, ககர வரிசையில் அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். முதல் பொருளின் கீழ் மூன்று பெயர், மையில். இரண்டாவதன் கீழும் மூன்று. மூன்றாவது பொருளின் கீழ் விதவை அம்மாளின் பெயரும் ஆறுமுகப்பெருமாள் பெயரும் மையில் இருந்தன. அவற்றின் கீழே பென்சிலில் ‘சாமுவேல்’ என்றிருந்தது. பக்கத்தில், ‘கேட்க வேண்டும்’.

சொல்லை வழங்குகிறவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அந்தச் சொல்லின்படி மறைக்காமல் சொல்ல வேண்டியவன் பெயரை எழுதியிருக்கிறார். தம் விதியைத் தாமே மீறிய சீட்டு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தெருவே திரும்பிப் பார்த்த மணி, அதற்கு ஒரு முழத் தூரத்தில் நின்ற எனக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? அந்தத் திங்கட்கிழமையே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பென்சில் எழுத்து பழையது. மங்க மங்க அதன்மேலேயே மறுபடி எழுதியிருக்கிறார். மூன்று நான்கு தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை.

அன்பர்களே, அன்று புளியமரத்தடியில் அந்த மணி நன்றாகவே ஒலித்தது. எனக்குக் கேட்டது. பேசாமல் இருந்தேன். பாலத்தின்மேல் அவர் கேட்டபோது பொய் சொன்னேன். அவர் தனியாக எழுந்து நின்றபோதும் உட்கார்ந்தே இருந்தேன்.

தகரப்பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. மற்றச் சீட்டுகளையெல்லாம் எப்படியாவது அச்சில் ஏற்றிவிடுவேன். அந்த ஒரு சீட்டை மட்டும் என்னிடமே வைத்துக்கொள்கிறேன். இதை எழுதி முடித்ததும் மைப்புட்டியைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன். கேட்டவர்தான் மை போட வேண்டும்.